பித்தளை முதுகு வைத்த ரம்பம்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். "சார், என்ன கத்தி அது?" என்று ஒருவர். "மாமா, ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழிச்சுத் தச்சு வேலைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று என் தங்கை மகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரலுக்குப் பொறுமை இல்லை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

அது கத்தி இல்லை, ரம்பம். சாதாரணக் கைரம்பத்தின் தகடு அகலமாகவும் கனமாகவும் இருக்கும். பலகையை நெடுக அறுத்துக்கொண்டே போகலாம். இதன் தகடு மெல்லியது, நீளம் 10 அங்குலம்தான். மெல்லிய தகடு அறுக்கும்போது வளையும், நெளியும். அதைத் தடுக்க மேல் விளிம்பில் ஒரு பித்தளைப் பட்டையை மடித்து, குல்லாய் மாதிரி கவிழ்த்திருக்கிறது. அந்தப் பட்டைதான் முதுகு. முதுகு மரத்தில் இடிக்கும் என்பதால் ஓர் ஆழத்துக்கு மேல் அறுக்க முடியாது. ஆழமாக அறுப்பது இதன் வேலையும் இல்லை. ஒரு சட்டத்தின் நாக்கு இன்னொரு சட்டத்தின் துளைக்குள் இம்மி பிசகாமல் உட்கார வேண்டுமே, அந்த நாக்கை வெட்டத்தான் இது. கடையில் 'டெனான் ரம்பம்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கைத்தொழில் எடுத்தவர் 'முதுகு ரம்பம்' என்பார். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

ரம்பத்தை ஏன் செய்யப் போனேன் என்பதற்கு என் அப்பாவின் தறியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உறவினர்களுக்குத் தெரியும், அப்பா பட்டு நெசவாளர். குழித்தறி. அவர் போன பிறகு தறியைப் பிரித்து மரங்களைப் பரண் மேல் ஏற்றினோம். அப்படியே இருபது வருஷம் கிடந்தன. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்கும். இப்போது இரண்டு மூன்று வீடுகளில்தான் கேட்கிறது. சென்ற ஆண்டு வீட்டுக்கு ஒட்டுப்போட ஆள் வந்தபோது, "இந்தக் கட்டைங்களை விறகுக்குப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதில் படமரத்தை, அதாவது நெய்த சேலையைச் சுற்றிக்கொண்டே போகும் உருளையை, எடுத்துத் துடைத்தேன். அப்பாவின் வயிறு பட்ட இடம் மட்டும் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது. சரி, இந்த மரங்களில் ஒரு பெட்டி செய்து அவருடைய நாடாவையும் தார்க்குச்சிகளையும் அதில் வைப்போம் என்று முடிவு செய்தேன். மூலைகளில் ஆணி அடிக்கக் கூடாது, மீன்வால் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் செய்ய வேண்டும் என்று ஆசை. பயிற்சிப் பள்ளியில் 1977-இல் ஒருமுறை செய்திருக்கிறேன். அந்தத் தைரியம்.

ஆரணியில் ஒரு கடையில் ரம்பம் வாங்கினேன். கோடு நேராகப் போட்டேன், ரம்பம் கோணலாகப் போனது. நான்கு துண்டு வீண். என் கை கோணலா, ரம்பம் கோணலா என்று தெரியவில்லை. திருமலைப் பக்கம் ஒரு தச்சுப்பட்டறை இருக்கிறது, தறி வேலைக்கு நல்ல கை என்று சொன்னார்கள். பையில் ரம்பத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருமலையை என் மாணவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பை வருஷா வருஷம் அங்கேதான் சுற்றுலா அழைத்துப் போவோம். குந்தவை ஜினாலயம், குகைக்குள் ஓவியங்கள், பாறையில் செதுக்கிய 16 அடி நேமிநாதர். புளிசாதப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கியது உங்களில் பாதிப் பேருக்கு நேமிநாதரைவிட நன்றாக நினைவிருக்கும்.

பட்டறையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆசாரி ஒருவர் குந்தி உட்கார்ந்து, கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"சார்! நீங்களா?"

என் மாணவன். 1993-94 எட்டாம் வகுப்பு. பெயர் எழுத மாட்டேன், எழுதக் கூடாது என்று அவனே சொல்லிவிட்டான். 'அவன்' என்று எழுதுவதற்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நான் வாங்கிய ரம்பத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "இன்னா சார் இது. ஒரு பக்கத்துப் பல்லு கும்பிடுது, ஒரு பக்கத்துப் பல்லு படுத்துக்குனு கீது. உங்க கை ஒண்ணும் கோணல் இல்ல." எனக்கு அது போதும் என்று திரும்பியிருப்பேன். "புதுசு வாங்காதீங்க, நாமே செய்யலாம்" என்றான். செய்து கொடு என்றேன். "நான் செஞ்சா என் கைக்கு வரும். நீங்க செய்யுங்க, நான் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் இரண்டு நாள் போனேன். இரண்டரை மாதம் ஆயிற்று.

தகட்டுக்குப் புது எஃகு வாங்கவில்லை. அவனுடைய அப்பா வைத்திருந்த பழைய கைரம்பம் ஒன்று, பல் எல்லாம் தேய்ந்து மூலையில் கிடந்தது. அந்தக் காலத்து எஃகு. சுண்டினால் மணி மாதிரி ஓசை வரும். கனம் முக்கால் மில்லிமீட்டர். அதிலிருந்து 10 அங்குல நீளத்துக்கு ஒரு பட்டை எடுக்க வேண்டும். கோடு கீறிக் கொடுத்து, "ரெண்டு இரும்புப் பட்டைக்கு நடுவுல இறுக்கி, பொறுமையா அறுங்க" என்றான். வீட்டுக்கு எடுத்துப் போன நான், பொறுமை இல்லாமல், தெருமுனை வெல்டிங் கடையில் மின்சாரச் சக்கரத்தில் கொடுத்து ஐந்தே நிமிஷத்தில் வெட்டிக்கொண்டு வந்தேன். வெட்டிய விளிம்பு நெடுக நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் நிறமாகிவிட்டது. எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது. அவன் எதுவும் பேசாமல் அரத்தை எடுத்து நல்ல இடத்தில் ஒரு இழுப்பு, சாம்பல் இடத்தில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். நல்ல இடத்தில் அரம் கிறீச்சிட்டது. சாம்பல் இடத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. சூடு ஏறி எஃகின் உரம் இறங்கிவிட்டது. அங்கே பல் வெட்டினால் நான்கு நாளில் மழுங்கும். அந்த ஓரம் முழுவதையும் ஒரு சென்டிமீட்டர் தேய்த்து எறிய வேண்டியதாயிற்று. இந்த முறை சக்கரத்தில் இல்லை, அரத்தில். நான்கு நாள். தண்டனை என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

முதுகுக்குப் பித்தளை. எங்கள் வீட்டு ஓட்டை அண்டாவின் அடிப்பாகத்தைக் கேட்டேன். என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. அவர் அம்மா வீட்டுச் சீர். கடைசியில் "எப்படியும் ஈயம் பூச ஆள் வர்றதில்லை" என்று கொடுத்துவிட்டார். பித்தளையைக் குளிராக மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். கரி அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டோம். என் அறிவியல் பாடம் கேட்டவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கல்லாக இறுகும். பித்தளையைப் போட்டால் இளகும். ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர், நேர் எதிரான பலன். முப்பத்தெட்டு வருஷம் பாடம் நடத்திய நான் இதை என் கையால் செய்து பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு இடுக்கியில் வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டித் தட்டி நீளவாக்கில் இரண்டாக மடித்தோம். தகட்டை அந்த மடிப்புக்குள் செருகியதும், ஆணி இல்லாமல், பற்றவைப்பு இல்லாமல், பல்லால் கடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. ஆணி ஏன் வேண்டாம் என்றால், நாளைக்குத் தகடு கீழே விழுந்து நெளிந்தால் முதுகைத் தட்டியே நேராக்கிவிடலாமாம்.

கைப்பிடி அப்பாவின் படமரத்தில். அவன் ஓர் ஓரத்தை இழைத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, "பூவரசு சார்" என்றான். அட்டையில் வெட்டி வெட்டி ஐந்து மாதிரி செய்தேன். கைப்பிடிக்குள் நான்கு விரலும் போகக் கூடாது. மூன்று விரல் உள்ளே, ஆள்காட்டி விரல் வெளியே தகட்டின் பக்கம் நீட்டி நிற்க வேண்டும். எங்கே சுட்டுகிறோமோ அங்கே ரம்பம் போகும். கரும்பலகையில் சுட்டிச் சுட்டியே பழகிய விரல், எனக்கு அது சிரமமாக இல்லை. தகட்டில் திருகாணிக்குத் துளை போடத்தான் திண்டாடினோம். சாதாரணத் துளைக்கம்பி உரமேறிய எஃகில் ஏறவே இல்லை. சுவரில் துளை போடும் கம்பியைச் சாணையில் கூராக்கிப் போட்டான், ஏறியது.

அப்பா வயிறு பட்ட வழவழப்பை முடிந்தவரை இழைக்காமல் விட்டேன். இப்போது அது என் உள்ளங்கைக்குள் வருகிறது.

இனி பல். பல்தான் ரம்பம், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு.

முதலில் ஒரு தகராறு. பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? அவன் அப்பாவும் தாத்தாவும் தரையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அவர்கள் ரம்பத்தின் பல் கைப்பிடியைப் பார்த்திருக்கும். இழுக்கும்போது அறுக்கும். ஜப்பான் தச்சர்களும் அப்படித்தான் இழுத்து அறுக்கிறார்கள். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது வெள்ளைக்காரன் முறை, மேசையில் நின்று தள்ளி அறுப்பது. பரம்பரை முறைதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவன் என் முழங்காலைப் பார்த்தான். "நீங்க குந்திப்பீங்களா சார்? மேசையில நிக்கிறவருக்குத் தள்ளுற பல்லுதான். பரம்பரையை நான் பாத்துக்கிறேன்." தள்ளுகிற பல்லே ஆயிற்று.

அளவு குறிக்க என் யோசனை எடுபட்டது. கணக்குப் பாட வரைபடத்தாளை ஒரு கீற்றாக வெட்டித் தகட்டில் ஒட்டினேன். இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு பல். 25 சென்டிமீட்டருக்கு 125 பல். பல்லின் முன்முகம் செங்குத்து, முக்கோண அரத்தின் கோணம் 60 பாகை, அப்படியானால் பல்லின் ஆழம் எவ்வளவு? பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். 30 பாகையின் டேன்ஜென்ட்டை இரண்டால் பெருக்கினால் 1.15 மில்லிமீட்டர். நான் தாளில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் நகத்தைக் காட்டி, "இந்த நகத்து வெள்ளை அளவு வரும்" என்றான். அளந்து பார்த்தேன். வந்தது.

அரம் போடுவதில் ஒரு ரகசியம் உண்டு. முதலில் தட்டையான அரத்தால் எல்லாப் பல்லின் தலையையும் ஒரு முறை தடவிவிட வேண்டும். உயரமான பல்லின் நுனி மழுங்கி, வெளிச்சத்தில் வெள்ளைப் பொட்டாக மின்னும். அந்தப் பொட்டு மறையும்வரை முக்கோண அரத்தைப் போட வேண்டும். மறைந்த அடுத்த இழுப்பில் நிறுத்திவிட வேண்டும். ஒரு இழுப்பு அதிகம் போனால் அந்தப் பல் மற்றவற்றைவிடக் குட்டை. குட்டைப் பல் சும்மா கூட வரும், வேலை செய்யாது. எனக்குக் கண்புரை அறுவை முடிந்த கண். பொட்டு தெரியவில்லை. "காதால பாருங்க சார்" என்றான். உண்மைதான். அரம் சரியாகக் கடிக்கும்போது ஒரு சத்தம், வழுக்கும்போது வேறு சத்தம்.

அன்றைக்கு மழை. மின்சாரம் இல்லை. வாசல் வெளிச்சத்தில் நான் அரம் போட, அவன் எதிரே உட்கார்ந்து வேறொரு ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். பட்டறையில் அவனைப் பார்த்த முதல் நாளிலிருந்து என் தொண்டையில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாவிட்டால் இந்த ரம்பத்தைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

எட்டாம் வகுப்பில் அவன் அடிக்கடி வர மாட்டான். வந்தால் கணக்கில் முதல். திருமலைச் சுற்றுலாவில் எல்லாரும் சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, "சார், அவ்ளோ உயரத்துல செதுக்க சாரம் எதுல கட்டியிருப்பாங்க?" என்று கேட்டவன் அவன்தான். தெரியாது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. வரிசையில் நில் என்றேன். அப்புறம் ஒரு நாள், பத்து நாள் விடுப்புக்குப் பிறகு, கையில் வெட்டுக்காயத்தோடு வந்தான். எங்கே போனாய் என்றேன். அப்பாகூட வேலைக்கு என்றான். "நீ ரம்பம் பிடிக்கத்தான் லாயக்கு. இங்க வந்து ஏன் பெஞ்சைத் தேய்க்கிற?" என்றேன். வகுப்பே சிரித்தது. அரையாண்டோடு நின்றுவிட்டான்.

அந்த நாட்களில் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தறியிலிருந்து இழுத்து வருவோம். உங்களில் சிலரை நானே தூக்கி வந்திருக்கிறேன். கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்கம் நாடா போட ஒரு சின்னக் கை வேண்டும். அது பெரும்பாலும் பள்ளிக்கு வர வேண்டிய கை. 1953-இல் ராஜாஜி கொண்டு வந்த அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி நாடே எதிர்த்ததும், மறு ஆண்டு காமராசர் வந்து அதைக் கைவிட்டதும் எங்கள் அப்பா தறியில் உட்கார்ந்தபடி சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். பிள்ளை அப்பன் தொழிலுக்குப் போகக் கூடாது, படிக்க வேண்டும். அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கோபத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று முப்பது வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். ஆனால் குலக்கல்வியை எதிர்த்தவர்கள் தொழிலைப் பிறப்போடு கட்டிப்போடுவதைத்தான் எதிர்த்தார்கள். ரம்பத்தைக் கேவலம் என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். தறி மரத்தில் பிறந்து வளர்ந்தவன் சொன்ன பேச்சு அது.

"எட்டாவதுல நான் உன்னை ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

அவன் கை நிற்கவில்லை. "இருக்கு சார்."

மூன்று நான்கு பல் போனது. "அப்பாவுக்கு அப்ப சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு போச்சு. அதான் நான் போனேன்." அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையில் காயத்தைப் பார்த்தும் நான் காரணம் கேட்கவில்லை.

"தப்புப்பா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ரம்பம்னு சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல சார். அது எங்க சோறு. எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, நீங்க நிறுத்தல. அது மட்டும்தான்."

எனக்கு அரம் ஓடவில்லை. அவன் எட்டிப் பார்த்து, "அறுபத்தி மூணாவது பல்லு, இன்னும் ரெண்டு இழுப்பு இருக்கு சார்" என்றான். போட்டேன். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அன்று சிரித்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் மேல் தவறில்லை. பதின்மூன்று வயது. நிறுத்த வேண்டியவன் நான்.

மிச்ச வேலை சீக்கிரம் முடிந்தது. பல்லை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமும் துளி சாய்க்க வேண்டும். அப்போதுதான் அறுக்கிற வழி தகட்டைவிட அகலமாகி, ரம்பம் மரத்துக்குள் சிக்காமல் ஓடும். இரும்புத் தகட்டில் வாய் வெட்டிய சாவி மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறான். பல்லை அதில் கவ்வி மெல்லத் திருப்ப வேண்டும். முதல் வெள்ளோட்டத்தில் ரம்பம் இடப்பக்கமே இழுத்தது. இடப்பக்கப் பல்லுக்குச் சாய்வு அதிகம் கொடுத்திருக்கிறேன். எண்ணெய்க் கல்லை அந்தப் பக்கம் இரண்டு தடவை லேசாக ஓட்டினான். அடுத்த கோடு பென்சில் கோட்டின் மேலேயே போயிற்று. மரத்தூள் மாவு மாதிரி விழுந்தது. பூவரசு வாசம்.

பெட்டி இன்னும் முடியவில்லை. இரண்டு மூலை கோத்தாயிற்று, இரண்டு பாக்கி. ஏனென்றால் போன வாரம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான், மகளை அழைத்துக்கொண்டு. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. கணக்கில் சந்தேகம் கேட்க வந்த பெண், என் மேசையில் இருந்த ரம்பத்தை எடுத்து, அப்பாவிடம் கேட்காமலே ஒரு துண்டுக் கட்டையில் அறுத்துப் பார்த்தாள். அவள் ஆள்காட்டி விரல் தானாக நீண்டது. பிறகு அவன், "சார், ஒரு தறிக்கு அச்சுப்பலகை நாக்கு வெட்டணும், நுணுக்கமான வேலை, ரெண்டே நாள்" என்று சொல்லி ரம்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனான்.

இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நான் கேட்கவில்லை.